பிஸ்கட் வைத்தால் இரு, கடலை வைத்தால் போ

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், வேறு யாருடைய வீட்டுக்குப் போனாலும், நாம் வந்தது அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பெரியம்மா வீட்டில் முகம் உதவாது. அது எல்லாருக்கும் ஒரேமாதிரிச் சிரிக்கும். அங்கே தேத்தண்ணியோடு வரும் தட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தட்டில் கிறீம் கிறாக்கர் பிஸ்கட்டோ ஒரு கை மிக்சரோ வந்தால், அடுப்பில் சோறு வேகிறது, மீன் வந்திருக்கிறது, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அர்த்தம். அவித்த கடலையும் ஒரு வாழைப்பழமும் வந்தால், இன்றைக்கு வீட்டில் வசதிப்படவில்லை. இதைத் தின்று, கொஞ்ச நேரம் கதைத்து, சந்தோசமாகப் போய்வர வேண்டும். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. விளங்காமலே வயிறு நிறைந்து எழும்பிப் போய்விடுவார்கள். ஒழுங்கைக்காரர்களான எங்களுக்கு மட்டும் நன்றாக விளங்கும். யாராவது அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், "என்ன, பிஸ்கட்டா கடலையா?" என்றுதான் கேட்போம்.

அவர் எனக்குச் சொந்தப் பெரியம்மா இல்லை. பெரியகல்லாற்றில் வாவிக் கரைப் பக்கமாக இருக்கும் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா ஆனார். குட்டையான உருவம், பெரிய குரல், எதிலும் சந்தேகமே இல்லாத ஒரு மனம். இப்போது கதிரவெளியில் மகளோடு போய் இருக்கிறார். அங்கே யார் யாருக்கு என்ன தட்டு வைக்கிறாரோ தெரியாது.

அவருடைய கணவரின் தமையன் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், கறி இறங்கும் நேரம் பார்த்து வாசலில் சைக்கிளை நிறுத்துவார். நல்ல மனிதர், ஆனால் ரோசக்காரர். சோறு குறைவாகப் போட்டாலும், முகம் சற்றுக் கோணினாலும், பிறகு வருசக்கணக்கில் படியேற மாட்டார். ஒரு ஞாயிறு அவர் வந்தபோது பெரியம்மா வீட்டில் இருந்த சோறே வீட்டாருக்குப் போதாது. நான் ஏதோ கேட்டு வாங்கப் போயிருந்தேன். பெரியம்மா சற்றும் பதறவில்லை. மரவள்ளிக் கிழங்கை அவித்து, கொச்சிக்காய்ச் சம்பலோடு ஒரு கோப்பை நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

"கிழங்கு புதுசு அத்தான். ருசி பாத்துச் சொல்லுங்க."

அவர் ருசி பார்த்தார். பிறகு இன்னொரு துண்டு. பால் தேத்தண்ணி ஒரு கோப்பை. அரசியல் கதைத்தார். சற்று நேரத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டு எழும்பினார்.

"இண்டைக்கு என்னமோ பசியே இல்ல புள்ள. சோறு வேணாம், நான் வாறன்."

"ஐயோ அத்தான், சாப்பிடாமப் போறயளே?" என்று பெரியம்மா வாசல் வரைக்கும் போய்க் கவலைப்பட்டார். சைக்கிள் திரும்பியதும் என் பக்கம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"பாத்தயா மனே. இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொன்னனா? மனிசன் மனசு நோகாமப் போறாரு."

அவருடைய வித்தை முழுவதும் இதுதான். ஒருவருக்கு இல்லை என்று சொல்லாமல், இல்லாததைக் காட்டாமல், அவருக்கே வேண்டாம் என்று ஆக்கிவிடுவது. அதேபோல, வெட்கப்பட்டு 'சாப்பிட்டுத்தான் வந்தன்' என்று சொல்லும் ஒருவரை, தன்னை மறந்து சோற்றுக் கோப்பையை நீட்டச் செய்வது. ஊரில் எல்லாரும் சோற்றைச் சமைத்தார்கள். பெரியம்மா பசியைச் சமைத்தார்.

தின்பண்டங்களை அவர் சாதி பிரித்து வைத்திருந்தார். "சத்தம் போடுற சாமான் வாய்க்கு" என்பார். முறுக்கு, மிக்சர், பக்கற்றில் வரும் கிழங்குப் பொரியல் எல்லாம் அதில் அடங்கும். வாய்க்குள் நொறுங்கும்போது வேலை நடப்பதுபோல இருக்கும்; வயிற்றுக்குச் செய்தியே போயிருக்காது. "சத்தம் போடாத சாமான் வயித்துக்கு." கடலை, கவுப்பி, அவித்த சோளம், கிழங்கு. மென்று மென்று தாடை களைக்கும். உள்ளே போய்க் குந்தினால் எழும்பாது. "புளிச்ச சாமான் ரெண்டுக்கும் நடுவுல நிண்டு சண்ட மூட்டும்." மாங்காய், நெல்லிக்காய், அம்பரெல்லா அச்சாறு. இனிப்பின் மேல் அவருக்கு மரியாதையே இல்லை. "அது பொய்காரி. வந்து குந்தி, நான்தான் சோறு எண்டு சொல்லும். நாம நம்பி இரிக்கக்குள்ள எழும்பி ஓடிரும். மறுகா முந்தி இருந்தத விடப் பசிக்கும்."

எங்கள் வீட்டில் உயர்தரம் வரைக்கும் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா பெயரை எழுதுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அதனால் நான் படிக்க இருந்தால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும். பெரியம்மாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. மாலையில் ஒரு கோப்பை கவுப்பியும் தேங்காய்ப்பூவுமாக உள்ளே வந்துவிடுவார். பரீட்சைக்குப் படிப்பவனுக்குப் பிஸ்கட் கொடுக்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை. பக்கற் முடியும் வரைக்கும் கை பக்கற்றுக்குள்தான் இருக்குமாம். கண் புத்தகத்தில் இருக்காதாம்.

நான் அப்போது உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதற்கெல்லாம் புத்தகத்தில் காரணம் இருப்பதைக் கண்டு எனக்கு ஒரே சந்தோசம். ஒருநாள் உட்கார்த்தி வைத்து விளக்கினேன்.

"பெரியம்மா, கடலையில நார்ச்சத்து இரிக்கி, புரதம் இரிக்கி. அது சமிக்க நேரம் எடுக்கும். அதுதான் பசி எடுக்கிறல்ல. பொரியல்ல மாவும் எண்ணெயும் உப்பும்தான். மெல்லுற வேலையும் இல்ல. வயிறு நிறைஞ்ச செய்தி மூளைக்குப் போய்ச் சேர முந்தி பக்கற் முடிஞ்சிரும்."

அவர் கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"அதத்தானேடா நான் இவ்வளவு காலமும் சொல்றன்?"

"ஓம், காரணத்தச் சொன்னன்."

"நல்லம். மீனுக்கு நீந்தக் காரணம் தெரிஞ்சா இன்னும் கெதியா நீந்துமா?" என்று சிரித்துவிட்டு, மேசையில் கிடந்த வெற்றுப் பக்கற்றைத் தூக்கி என் முன்னால் போட்டார். "நீ படிச்ச பொடியன்தானே. இதுல என்ன எழுதியிரிக்கெண்டு வாசி, பாப்பம்."

கிழங்கு, எண்ணெய், உப்பு, சுவையூட்டி என்று வரிசையாக வாசித்தேன்.

"காத்து எவ்வளவெண்டு எழுதல்லையா?"

எழுதியிருக்கவில்லை.

அவர் பிழை விடாதவர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. நன்றாகவே பிழை விடுவார். ஒரு சித்திரை வருசப் பிறப்பு விளையாட்டுப் போட்டியில் பணிஸ் தின்னும் போட்டி வைத்தார்கள். கயிற்றில் தொங்கும் பணிஸ் ரொட்டியைக் கை தொடாமல் கவ்வித் தின்ன வேண்டும். அதிகம் தின்றவருக்குப் பரிசு. பெரியம்மாவின் மருமகன் ஓட்டோ ஓட்டுபவர். ஆள் தூண்போல இருப்பார். அவரை வெல்ல வைப்பதாகப் பெரியம்மா மைதானம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். காலையிலிருந்து அவருக்குச் சோறு இல்லை. வாயைத் திறந்து வைக்க வேண்டும் என்று உப்புத் தூள் போட்ட மாங்காயும் மிக்சரும் மட்டும். மனிதருக்குப் பசி வந்ததோ இல்லையோ, தாகம் வந்தது. போட்டி தொடங்குவதற்குள் வயிறு நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டார். முதல் பணிஸிலேயே அவருடைய கண் பிதுங்கிவிட்டது. மெலிந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் பரிசைத் தட்டிக்கொண்டு போனார்.

"என்ன கா, உன்ட குதிர ஓடல்லையே?" என்று பக்கத்து வளவுப் பெண்கள் கேலி பண்ணினார்கள்.

"குதிரயில பிழ இல்ல. நீங்க கிணத்த மூடி வைக்கல்ல" என்றார் பெரியம்மா. அதற்கு மேல் அந்தக் கதை அவருடைய வாயிலிருந்து வந்ததே இல்லை.

இப்படிப்பட்டவரின் கையில்தான் எங்கள் அக்காவின் கலியாண எழுத்தன்று ஒரு வீட்டு மானம் முழுவதும் போய் நின்றது.

அக்கா மட்டக்களப்பு நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தபோது, அதே தெருவில் வேலை செய்த சித்தாண்டிப் பொடியன் ஒருவரை விரும்பினார். இரண்டு பேருமே உறுதியாக இருந்ததால் பேச்சு நடந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் மாப்பிள்ளையின் தாய்க்கு இது மகனைத் தூக்கிக் கொடுக்கிற விசயம். அவர்கள் வயல்காரர், வட்டையில் சொந்த நெற்காணி உள்ளவர்கள். நாங்கள் வாவியில் மீன் பிடிப்பவர்கள். முதல் பேச்சிலேயே அந்த அம்மா எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்:

"மீன்காரர் வீட்டுல மீன் இரிக்கும். சோறு இரிக்குமா? எண்ட மகன் சோறு தின்டு வளந்த புள்ள."

அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டார். எழுத்துக்கு நாள் குறித்ததும் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அந்த மனிசி நம்மட வாசல்ல இருந்து வயிறு நிறையச் சோறு தின்ன வேணும். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்ன வேணும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

எழுத்து காலையில். பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை பகுதியார் ஒரு பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கணக்காகச் சோறு, கோழிக் கறி, வாவி மீன்குழம்பு, பொரிப்பதற்கு இறால். வந்ததும் தேத்தண்ணியோடு கொடுக்க ரோல்ஸும் மிக்சரும். எல்லாம் பெரியம்மாவின் திட்டம்தான். இருந்தாலும் அவர் தன் பாட்டுக்கு ஒரு பெரிய வாளி நிறையக் கடலையை முதல் நாளே ஊறப்போட்டு, விடியவே அவித்தும் வைத்திருந்தார். எந்த விசேசத்துக்குப் போனாலும் அவர் செய்கிற வேலை அது. தேவைப்படாவிட்டால் மறுநாள் ஒழுங்கை முழுக்கக் கடலைதான்.

சித்தப்பாவின் மகனைக் களுவாஞ்சிகுடிச் சந்தியில் நிறுத்தியிருந்தோம், பஸ் வருவதைப் பார்த்து ஃபோன் அடிக்க. அவன் அடித்தான்.

"அண்ணே, ரெண்டு பஸ்!"

"என்னடா சொல்றாய்? ஒண்டுதானே?"

"ரெண்டிலயும் மால கட்டிக் கிடக்கு அண்ணே. முன்னால ஒண்டு, பொறத்தால ஒண்டு. நான் கண்ணால பாத்தன்."

அம்மா சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"காணாது அக்கா. பாதிப் பேருக்கும் காணாது. அந்த மனிசி சொன்னது சரியாப் போகப் போகுது."

"எழும்பு கா" என்றார் பெரியம்மா. "சோத்தக் கூட்ட நேரமில்ல. பசியக் குறைக்க நேரம் இரிக்கி."

பிறகு நடந்தது ஒரு படையெடுப்பு. ரோல்ஸ் தட்டுகளெல்லாம் உள்ளே போயின. கடலை வாளி அடுப்புக்கு வந்தது. காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கடுகு, தேங்காய்ப்பூ. வேலிக்கரையில் நின்ற மரவள்ளியை அப்பா பிடுங்கி வந்தார், அதுவும் அடுப்பில் ஏறியது. பிளேன்டீ வேண்டாம், பால்மா நிறையப் போட்டுப் பால் தேத்தண்ணி என்று உத்தரவு. பஸ் வந்து நின்றதும் இறங்கிய ஒவ்வொருவருடைய கையிலும் ஒரு கோப்பை கடலை வந்தது. கோப்பை பாதியாகுமுன் பெரியம்மா நேரில் போய் நிரப்பினார். "பாதை தூரம், களைச்சு வந்திரிக்கயள், தின்னுங்க, தின்னுங்க." கடலை ருசியாகவும் இருந்தது. அதுதான் அழிவு.

இரண்டாவது பஸ் பிறகு வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் சாரதியும், கையெல்லாம் கிறீஸ் பூசிய உதவியாளரும் மட்டுமே. விசாரித்தபோது கதை வெளிவந்தது. ஆரையம்பதியில் முதல் பஸ் பழுதாகி நின்றிருக்கிறது. அவசரமாக வேறொரு பஸ் பிடித்து, இருந்த மாலையில் பாதியை அதற்குக் கட்டி, எல்லாரும் அதில் ஏறி வந்திருக்கிறார்கள். பழுதான பஸ் திருத்தி முடிந்ததும் வெறுமனே பின்னால் வந்திருக்கிறது.

ஒரு பஸ் ஆட்கள்தான். ஆனால் இரண்டு பஸ் ஆட்களின் பசியை அடக்கக்கூடிய கடலையை அவர்கள் தின்று முடித்திருந்தார்கள்.

எழுத்து நல்லபடியாக முடிந்தது. மைக் என் கையில் இருந்தது. வீட்டில் படித்தவன் என்பதால் அறிவிப்பெல்லாம் நான்தான். "அன்பார்ந்த உறவினர்களே, பகற் போசனத்துக்கு எழுந்தருளுமாறு..." என்று முறையாகச் சொன்னேன். ஒருவரும் எழுந்தருளவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, பெரிய மீசையும் பெரிய வயிறும் உள்ளவர், கதிரையில் சாய்ந்தபடியே கையை ஆட்டினார்.

"தம்பி, கடல நெஞ்சு மட்டும் வந்து நிக்கி. இனி ஒரு சோடா தந்தாக் காணும்."

மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "நாங்க வீட்ட போய்ச் சாப்பிடுறம். பாதை தூரம்தானே." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் மோசமாகக் கேட்டது. பெண் வீட்டில் மாப்பிள்ளையின் தாய் கை நனைக்காமல் போனால், ஊர் அதைக் கடலையின் கணக்கில் எழுதாது. அக்கா மாலையோடு நின்ற இடத்திலிருந்து என்னைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

பெரியம்மா என்னைச் சமையல் கொட்டிலுக்குள் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய முகம் ஒரு கணம் சிரிப்பில்லாமல் இருந்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு கணம்தான்.

"குறைச்ச பசியக் கூட்டித்தான் ஆகணும். மைக்க எடு. நம்மட ஊர்ல ஒரு முறை இரிக்கெண்டு சொல்லு."

"என்ன முறை?"

"மாப்பிள்ள பகுதியாக்கள் சோத்துல கை வைக்க முந்தி, பொம்புள பொறந்த வாவியத் தோணியில போய்ச் சுத்திப் பாக்க வேணும். ஆண்டாண்டு காலமா நடக்கிற முறை."

"அப்பிடி ஒரு முறை இல்லையே பெரியம்மா!"

"இப்ப இரிக்கி. சொல்லு."

சொன்னேன். படித்தவன் மைக்கில் சொன்னதால் சித்தாண்டிக்காரர் நம்பினார்கள். முறையென்றால் செய்யத்தானே வேண்டும் என்று எழும்பினார்கள். (இன்றைக்கும் எங்கள் ஒழுங்கையில் எழுத்தோ கலியாணமோ நடந்தால் மாப்பிள்ளை வீட்டாரைத் தோணியில் ஏற்றுகிறார்கள். காரணம் கேட்டால், முந்தையோர் வழக்கம் என்கிறார்கள்.) அப்பாவும் சித்தப்பாவும் தோணிகளைக் கட்டவிழ்த்தார்கள். வயல்காரர்களுக்கு வாவி புதிது. அப்பா ஆளுக்கொரு துடுப்பைக் கொடுத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா முதலில் மறுத்தார். பிறகு பக்கத்துத் தோணி முந்துவதைப் பொறுக்க முடியாமல் சட்டையைக் கழற்றிவிட்டு வலிக்கத் தொடங்கினார். கரை முழுக்கக் கூச்சல். கண்டல் மரங்கள் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் மூன்று தரம் பந்தயம் நடந்தது.

இங்கே பெரியம்மா கரையில் நின்ற ஒரு வயதான மீன்காரரிடம் கேட்டார்: "காத்து எந்தப் பக்கத்தால வருது?" அவர் விரலை நனைத்துத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கத்துக்கே அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் வைத்து, இறாலை எண்ணெய்க்குள் போட்டார். மிளகாய்த் தூளும் கறிவேப்பிலையும் சேர்ந்த அந்த மணம் நேராகத் தண்ணீருக்கு மேலால் போயிற்று. கரைக்கு வந்தவர்களுக்கு உப்புத் தூள் தூவிய மாங்காய்க் கீற்று தட்டுத் தட்டாகக் காத்திருந்தது.

பெரியப்பா வியர்த்து வழிய இறங்கினார். மாங்காயில் ஒன்றை வாயில் போட்டார். மூக்கைத் தூக்கினார்.

"என்ன தம்பி பொரியுது?"

அவருடைய கதை அத்தோடு முடிந்தது.

ஆனால் மாப்பிள்ளையின் தாய் தோணியில் ஏறவில்லை. தண்ணீருக்குப் பயம். வேம்பின் கீழ்க் கதிரையில் தனியாக இருந்தார். பெரியம்மா ஒரு தட்டு மாங்காயோடு போய்ப் பக்கத்தில் இருந்தார். சாப்பிட வாருங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. தான் மட்டும் ஒரு கீற்றை எடுத்து, உப்பில் தோய்த்து, சத்தமாகக் கடித்து, ஒரு கண்ணை மூடினார். பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வாய் ஊறியது.

"நல்ல புளியோ?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"சொல்லத் தெரியல்ல. நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். அவருடைய ஒரு கண்ணும் மூடியது. தட்டு காலியாகிக்கொண்டு வந்தது. காற்று திரும்பி, கரையிலிருந்த அடுப்பின் மணத்தை வேம்பின் கீழும் கொண்டு வந்தது.

"பிள்ளைட காரியமா வந்துட்டு, சும்மா போறதும் சரியில்லத்தான்" என்றார் அந்த அம்மா, தனக்குத் தானே சொல்வதுபோல. "ஒரு பிடி தின்னுவம்."

ஒரு பிடி என்று தொடங்கினார். நாங்கள் எல்லாரும் வேறு வேலை செய்வதுபோல நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சோற்றை முதலில் விரலால் நசுக்கிப் பார்த்தார், வயல்காரர் பார்ப்பதுபோல. குழம்பை விட்டுப் பிசைந்தார். இறாலை எடுத்தார். தலையை நிமிர்த்தவில்லை. கோப்பை காலியானதும், பரிமாறிக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு புள்ள. மீன்குழம்பும் விடு."

அக்கா அவசரமாக அள்ளிப் போட்டதில் கொஞ்சச் சோறு நிலத்தில் விழுந்தது. அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அப்போதுதான் அவரைக் கண்டார். அதுவரைக்கும் 'பொம்புளட தாய்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப் போட்டார்.

"என்ன மச்சாள், நிண்டுகொண்டே இரிக்கயள்? விடியத் தொடங்கி ஓடித் திரியிறயள். வாங்க, இருங்க. நான் போட்டுத் தாறன்."

மச்சாள் என்று கேட்டதும் அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. வந்து இருந்தார். மாப்பிள்ளையின் தாய் தன் கையாலேயே சோறு அள்ளிப் போட்டு, குழம்பு விட்டு, பெரிய இறாலாகப் பார்த்து வைத்தார். அம்மா கையைச் சோற்றில் வைத்தார். வைத்த கை வைத்தபடியே இருந்தது.

"தின்னுங்க மச்சாள். என்ன?"

அம்மா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். காலையிலிருந்து பதற்றத்தில் வாளிக்குப் பக்கத்தில் நின்று நின்று, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கை கையாகக் கடலையை அள்ளித் தின்றிருக்கிறார்.

"ஒரு பருக்கை இறங்காது மச்சாள்" என்றார் அழுகிற குரலில். "வயிறு முழுக்கக் கடல."

கொட்டிலுக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் ஒழுங்கை முடிவு வரைக்கும் கேட்டது:

"எடேய், அவவையும் தோணியில ஏத்திச் சுத்திக்கொண்டு வாங்கடா!"

மாப்பிள்ளையின் தாய் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைப் பாதியில் நிறுத்தினார். வாவியைப் பார்த்தார். கரையிலிருந்த அடுப்பைப் பார்த்தார். வெறுமையான மாங்காய்த் தட்டைப் பார்த்தார். மைக்கோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த முறை?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சோறு புரைக்கேறி, கண்ணில் தண்ணீர் வழிய, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த மனுசி சிரித்தார். அம்மா என்ன செய்வது என்று தெரியாமல் அவருடைய முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.